எக்மோ சுற்றில் உறைகட்டி: அறிகுறியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தல்

இதயச் சத்திரசிகிச்சை முடிந்தும் பைபாஸ் இயந்திரத்தைக் கழற்ற முடியாமற்போய், வி.ஏ. எக்மோவோடு (நாளத்திலிருந்து குருதியை உறிஞ்சி, ஒட்சிசன் ஏற்றி, நாடிக்குத் திருப்பி அனுப்பும் இயந்திரம்) தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நோயாளியின் கட்டிலருகே நிற்பவர்களுக்கான வழிமுறை இது. கொழும்பின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் தாதியர், பெர்பியூஷனிஸ்ட்கள் (பைபாஸ், எக்மோ இயந்திரங்களை இயக்குபவர்கள்), இளம் வைத்தியர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். எண்கள் எல்லாம் வயதுவந்தவர்களுக்கானவை. சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பார்க்கும் பிள்ளைகளுக்குக் குழாயின் அளவும் வேறு, மருந்துக் கணக்கும் வேறு. உங்கள் பிரிவின் எழுத்து நெறிமுறையும் பொறுப்பான நிபுணரின் முடிவுமே இறுதியானவை.

கட்டி என்ற சந்தேகம் வந்தவுடன் பலருடைய கை ஹெபரின் சிரிஞ்சைத்தான் தேடிப் போகிறது. அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே உறைந்த கட்டியை ஹெபரின் கரைக்காது. புதிதாக உறையாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. நெஞ்சைத் திறந்து மூடிய சில மணி நேரத்தில் கண்மூடித்தனமாக ஹெபரினைக் கூட்டினால், ஒக்சிஜனேற்றரை (குருதிக்கு ஒட்சிசன் ஏற்றும் பகுதி) காப்பாற்றப்போய் நெஞ்சுக்குள் குருதி நிறையும். முதலில் கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உறிஞ்சும் குழாயிலா, பம்ப் தலையிலா, ஒக்சிஜனேற்றரிலா, திரும்பும் குழாயிலா, அல்லது நோயாளிக்குள்ளேயா? ஒவ்வோர் இடத்துக்கும் வேலை வேறு.

இந்த நோயாளிகளுக்கு ஏன் இவ்வளவு எளிதில் உறைகிறது

பைபாஸின்போது கிலோவுக்கு 300 முதல் 400 அலகு ஹெபரின் கொடுத்து, முடிவில் புரொட்டமீனால் அதை முறிக்கிறோம். வெட்டப்பட்ட திசுக்களிலிருந்து உறைதலைத் தூண்டும் பொருள் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் பல மீற்றர் பிளாஸ்டிக்கும் ஒக்சிஜனேற்றருக்குள் இருக்கும் ஒரு பெரிய மெம்பிரேனும் (வாயு கடக்கும் சவ்வு) குருதியோடு உரசுகின்றன. பைபிரினோஜன் (கட்டியின் இழையாக மாறும் புரதம்) சில நொடிகளிலேயே அந்தப் பரப்பில் படிந்துவிடும். அதன்மேல் சிறுதட்டுக்கள் ஒட்டும். இன்னொரு பக்கம், பம்பின் உரசலில் சிறுதட்டுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கும் வொன் வில்லிபிராண்ட் காரணியின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து போவதால் நோயாளி குருதி ஒழுகவும் செய்கிறார். சுற்றில் கட்டியும் நெஞ்சில் ஒழுக்கும் ஒரே நேரத்தில் இருப்பது இங்கே வழமை.

அதனால்தான் பெரும்பாலான பிரிவுகள் முதல் 6 முதல் 24 மணி நேரம் ஹெபரின் தொடங்குவதில்லை. நெஞ்சு வடிகுழாயில் மணிக்கு 50 முதல் 100 மி.லி.க்குக் கீழே இறங்கிய பிறகே, போலஸ் (ஒரேயடியாகக் கொடுக்கும் அளவு) இல்லாமல், கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 10 அலகு என்று மெதுவாகத் தொடங்குவார்கள். அதுவரை சுற்றைக் காப்பது இரண்டு விடயங்கள்: உட்பரப்புப் பூச்சு, நல்ல பாய்ச்சல். ஹெபரின் இல்லாத நேரத்தில் பாய்ச்சல் நிமிடத்துக்கு 3 லீற்றருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2 லீற்றருக்குக் கீழே இறங்கினால் அதுவே ஓர் அபாயம்.

எதுவும் நடக்கும் முன்: எழுதி வைக்க வேண்டியவை

ஓர் எண்ணைத் தனியாகப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. நோயாளி வந்த முதல் மணி நேரத்தில் பம்ப் சுழற்சி (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), பாய்ச்சல், மூன்று அழுத்தங்கள் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். பி1 பம்புக்கு முன்னுள்ள உறிஞ்சும் அழுத்தம். பி2 ஒக்சிஜனேற்றருக்கு முன்னுள்ளது. பி3 அதற்குப் பின்னுள்ளது. இயந்திரத்துக்கு இயந்திரம் பெயர் மாறும். எந்தப் பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதைக் கட்டிலருகே ஒட்டி வையுங்கள். அழுத்தம் எல்லாம் மி.மீ. பாதரசத்தில். பி1 −100ஐ விடத் தாழக்கூடாது. பி3 300க்குள் இருக்க வேண்டும். பி2இலிருந்து பி3ஐக் கழித்தால் வருவது ஒக்சிஜனேற்றரின் தடை. புதிய மெம்பிரேனில் வழக்கமாக 50க்குள் இருக்கும்.

ஒவ்வொரு முறை மாறும்போதும் (ஷிப்ட் தொடங்கும்போதும், பின் 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும்) டோர்ச் லைட் பிடித்துச் சுற்று முழுவதையும் பாருங்கள். ஒக்சிஜனேற்றரின் மூலைகள், குழாய் இணைப்பிகள், பயன்படாத மூவழித் திருகுகள் ஆகியவை கட்டி முதலில் பிடிக்கும் இடங்கள். கண்டதைப் படம் வரைந்து நேரம் எழுதுங்கள். வார்த்தையில் "சிறிய கட்டி உண்டு" என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு அது வளர்ந்ததா என்று தெரியாது.

அறிகுறி: சுழற்சி மாறவில்லை, பாய்ச்சல் குறைகிறது

மூன்று அழுத்தங்களையும் முன்பு எழுதிய வரியோடு ஒப்பிடுங்கள். இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

பி1 இன்னும் எதிர்மறையாகப் போயிருந்தால் கோளாறு உறிஞ்சும் பக்கம். பி2 ஏறி, பி3 அப்படியே நின்றாலோ இறங்கினாலோ ஒக்சிஜனேற்றர். பி2, பி3 இரண்டும் சேர்ந்து ஏறினால் திரும்பும் குழாய், அதன் கனூலா (உடலுக்குள் செருகிய முனைக் குழாய்), அல்லது நோயாளியின் குருதி அழுத்தம். பி1 பூச்சியத்தை நோக்கி வந்து, பி2உம் பி3உம் விழுந்தால் பம்ப் தலை. அதற்கு உந்தும் வலு போய்விட்டது.

உறிஞ்சும் பக்கம் என்றால் குழாய் துள்ளும். துள்ளலைக் கண்டதும் "வொலியூம் போதாது" என்று திரவம் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. சில நேரம் அது சரிதான். ஆனால் இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின் வேறொரு காரணத்தை முதலில் விலக்க வேண்டும்: வடிகுழாயில் கட்டி அடைத்து, நெஞ்சுக்குள் தேங்கிய குருதி இதயத்தை நெரிக்கும் டம்பொனேட். அடையாளம் இப்படி இருக்கும். மணிக்கு 150 மி.லி. வந்துகொண்டிருந்த வடிகுழாய் திடீரென்று 10, 20க்கு இறங்குகிறது. நாள அழுத்தம் ஏறுகிறது. எக்மோ பாய்ச்சல் குறைகிறது. வடிதல் நின்றதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு:

1. குழாய் மடிந்திருக்கிறதா, கட்டிலின் பக்கக் கம்பியில் நசிந்திருக்கிறதா, நோயாளியைத் திருப்பும்போது கனூலா வெளியே வந்துவிட்டதா என்று கனூலாவிலிருந்து பம்ப் வரை கையால் தடவிப் பாருங்கள். தையலிடத்தில் எழுதிய சென்ரிமீற்றர் அளவு மாறவில்லையே என்று உறுதிப்படுத்துங்கள்.
2. சுழற்சியை 200 முதல் 300 குறையுங்கள். துள்ளல் அடங்கிப் பாய்ச்சல் அப்படியே நின்றால் அல்லது கூடினால், அளவுக்கு மீறி உறிஞ்சியிருக்கிறோம். சுழற்சியைக் கூட்டித் துள்ளலை வெல்ல முயலாதீர்கள். அது செங்கலங்களை உடைக்கும், கனூலாவின் வாயில் குருதிக்குள் வாயுக் குமிழிகளையும் கட்டியையும் உண்டாக்கும்.
3. நாள அழுத்தத்தையும் வடிகுழாய் வரவையும் பாருங்கள். அழுத்தம் தாழ்ந்திருந்தால் 250 மி.லி. கொடுத்துப் பார்க்கலாம். அழுத்தம் உயர்ந்திருந்தால் திரவத்தை நிறுத்தி, சத்திரசிகிச்சை நிபுணரைக் கூப்பிடுங்கள்.
4. காற்று மார்பில் அடைத்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் கேளுங்கள், எக்ஸ்ரே கேளுங்கள்.
5. எக்கோ (இதய ஸ்கேன்). நெஞ்சின் மேல்வைத்துப் பார்க்கும் எக்கோவில் வலது ஏட்ரியத்துக்குப் பின்னால் ஒதுங்கிய சிறு கட்டி தெரியாமற்போகலாம். உணவுக்குழாய் வழி எக்கோ வேண்டும். நிலைமை விரைவாக மோசமானால் எக்கோவுக்காகக் காத்திராமல் நெஞ்சைத் திறப்பதே சரி.

உறிஞ்சும் பக்கத்திலுள்ள எந்த மூவழித் திருகையும் பம்ப் ஓடும்போது திறக்காதீர்கள். அங்கே அழுத்தம் எதிர்மறை. ஒரு நொடி திறந்தாலும் காற்று உள்ளே பாயும். பம்ப் தலையில் காற்று நின்றால் பாய்ச்சல் பூச்சியம்.

அறிகுறி: ஒக்சிஜனேற்றரின் தடை ஏறுகிறது, அல்லது குருதி கருமையாகத் திரும்புகிறது

உறிஞ்சும் குழாயும் திரும்பும் குழாயும் ஒரே நிறத்தில் இருந்தால் கட்டியைத் தேடும் முன் வாயுவைப் பாருங்கள். சுவரிலிருந்து பிளெண்டருக்கு (ஒட்சிசனையும் காற்றையும் கலக்கும் கருவி), பிளெண்டரிலிருந்து ஒக்சிஜனேற்றருக்கு வரும் வாயுக் குழாய் கழன்றிருக்கிறதா? சி.டி. ஸ்கேனுக்குப் போய் வந்த பிறகு சிலிண்டரிலேயே விட்டுவிட்டார்களா? இது ஒரு நிமிட வேலை, உயிர் காக்கும் வேலை.

வாயு சரியென்றால் அடுத்தது நீர். சூடான குருதியிலிருந்து வரும் ஈரம் ஏ.சி. அறையின் குளிரில் மெம்பிரேனின் வாயுப் பக்கத்தில் ஒடுங்கி நிற்கும். வாயு ஓட்டத்தைச் சில விநாடிகள் நிமிடத்துக்கு 10 லீற்றர்வரை ஏற்றி, பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். காபனீரொட்சைட்டு வெளியேறுவது உடனே சீரானால் பிரச்சினை நீர், கட்டி அல்ல. பழைய அளவுக்குத் திருப்பினீர்களா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். உயர்ந்த ஓட்டத்தில் மறந்துவிட்டால் காபனீரொட்சைட்டு சடுதியாக விழும், மூளைக்குப் போகும் குருதி குறையும்.

அதன் பின்னும் மாறாவிட்டால், பிளெண்டரை 100 சதவீதத்தில் வைத்து ஒக்சிஜனேற்றருக்குப் பின்னுள்ள குருதியை எடுத்துச் சோதியுங்கள். ஒட்சிசன் அழுத்தம் 200க்குக் கீழே இருந்தால் மெம்பிரேன் தேய்ந்துவிட்டது. தடையைப் பொறுத்தவரை, ஒரே பாய்ச்சலில் சில மணி நேரங்களுக்குள் அது இரண்டு மடங்கானாலோ 100ஐ நெருங்கினாலோ மாற்றுவதற்கான ஆயத்தத்தைத் தொடங்குங்கள். பாய்ச்சலைக் கூட்டினாலும் தடை கூடும் என்பதை மறக்க வேண்டாம். 3.5 லீற்றரில் எழுதிய தடையை 4.5 லீற்றரில் வந்ததோடு ஒப்பிட்டு இரவு 2 மணிக்கு எல்லோரையும் எழுப்ப வேண்டியதில்லை.

இன்னொரு வகை உண்டு: தடை ஏறாது, வாயுவும் ஓரளவு சரி, ஆனால் டி-டைமர் (கட்டி சிதையும்போது குருதியில் வரும் பொருள்) நாளுக்கு நாள் ஏறும், பைபிரினோஜன், சிறுதட்டு இரண்டும் இறங்கும், நோயாளி எல்லாத் துளையிலும் கசிவார். மெம்பிரேனுக்குள் பரவிய கட்டி உறைபொருள்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கிரையோவும் (பைபிரினோஜன் நிறைந்த குருதிப் பொருள்) சிறுதட்டும் ஏற்ற ஏற்ற அவையும் அங்கேயே போகும். இங்கே மருந்து புதிய ஒக்சிஜனேற்றர்தான். மாற்றிய பின் டி-டைமர் இறங்கி, கசிவு அடங்கும். ஒழுகும் நோயாளிக்குச் சுற்றை மாற்றச் சொல்வது முரணாகத் தோன்றுவதால் இது தாமதமாகிறது. தாமதிக்க வேண்டாம்.

அறிகுறி: சிறுநீர் பிளேன்டீ நிறம்

செங்கலங்கள் உடைகின்றன. குருதியிலுள்ள சுயாதீன ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 50 மி.கி.க்கு மேல் என்றால் உறுதி. ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சோதனைக் குழாயைச் சுழற்றிப் பார்த்தால் மேலே நிற்கும் பிளாஸ்மா சிவந்திருக்கும். எல்.டி.எச். (உடையும் கலங்களிலிருந்து வரும் நொதி) ஏறியிருக்கும்.

காரணங்களை வரிசையாகப் பாருங்கள். பி1 −100ஐத் தாண்டியிருந்ததா? சிறிய கனூலாவில் மிக அதிகச் சுழற்சியா? அண்மையில் ஏற்றிய குருதிக்கு எதிர்வினையா? இவை இல்லையென்றால் பம்ப் தலைக்குள் கட்டி. ஸ்டெதஸ்கோப்பைப் பம்ப் தலையில் வைத்துக் கேளுங்கள். சீரான இரைச்சலுக்குப் பதில் உரசும் ஒலி, கையில் அதிர்வு. ஒரே சுழற்சியில் பாய்ச்சல் குறைந்திருக்கும். பம்ப் தலையில் கட்டி என்றால் பொறுத்துப் பார்ப்பதற்கு இடமில்லை. அது சடுதியாக நின்றுவிடலாம், உடைந்து மெம்பிரேனுக்குள் போகலாம். தட்டிப் பார்க்காதீர்கள், சுழற்சியை ஏற்றி இறக்கிப் பார்க்காதீர்கள். மாற்றுங்கள்.

இந்த நேரத்தில் ஒரு பொறி உண்டு. சுயாதீன ஈமோகுளோபினும் பிலிருபினும் ஏறும்போது ஹெபரினை அளக்கும் அன்டி-டென்-ஏ சோதனை பொய்யாகக் குறைந்து காட்டும். அதை நம்பி ஹெபரினைக் கூட்டினால் மூளையில் குருதி கசியும். செங்கலம் உடையும் நோயாளியில் குருதி உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி.யையும் சேர்த்துப் பாருங்கள்; இரண்டும் முரண்பட்டால் ஹெபரினைத் தொடும் முன் ஆலோசியுங்கள்.

அறிகுறி: டோர்ச் வெளிச்சத்தில் கட்டி தெரிகிறது

வெண்மையான நூல் பைபிரின். கறுப்பாக, வெளிச்சம் பட்டும் நகராமல் நிற்பது உறைகட்டி. நிறத்தை விட இடம் முக்கியம். ஒக்சிஜனேற்றரின் உள்வரும் பக்கத்தில் இருப்பதை மெம்பிரேன் வடிகட்டிவிடும். எழுதி, வரைந்து, கவனித்துக்கொண்டிருக்கலாம். வெளியேறும் பக்கத்திலோ திரும்பும் குழாயிலோ இருப்பது வி.ஏ. எக்மோவில் நேரே பெருநாடிக்குப் போகும். அங்கிருந்து மூளைக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும். அந்தப் பக்கத்தில் அசையும் கட்டியோ 5 மி.மீ.ஐத் தாண்டிய கட்டியோ தெரிந்தால் உடனே மூத்தவருக்குச் சொல்லுங்கள். எந்தக் கட்டியையும் கிளாம்ப்பால் நசித்தோ விரலால் தட்டியோ விடுவிக்க முயலாதீர்கள். அருகிலுள்ள மூவழித் திருகால் மருந்து செலுத்தவும் வேண்டாம்.

அறிகுறி: நாடி அலை தட்டையாகிறது

நாடிக் கோட்டில் மேல், கீழ் அழுத்தங்களின் இடைவெளி 10 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் பெருநாடி வால்வு திறக்கவில்லை. எக்மோ பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தை எதிர்த்துத் திறக்க இடது வென்றிக்கிளுக்கு வலுவில்லை. உள்ளே குருதி தேங்குகிறது, சுவாசப்பையில் நீர் கோக்கிறது, எக்கோவில் புகை போன்ற சுழல் தெரிகிறது. அடுத்த கட்டம் வென்றிக்கிளுக்குள்ளேயே கட்டி. வாத இதய நோயால் செயற்கை மைட்ரல் அல்லது பெருநாடி வால்வு வைத்தவர்களில் இது இரட்டிப்பு ஆபத்து. அசையாத செயற்கை வால்வு தானே உறைந்துவிடும்.

புகை மட்டும் தெரிந்தால்: டொபுட்டமீன் அல்லது குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்து இதயத்தைச் சற்றுத் தூண்டுவது, உறுப்புகளுக்குப் போதுமான அளவில் எக்மோ பாய்ச்சலைக் குறைப்பது, சராசரி அழுத்தத்தை 60 முதல் 70க்குள் வைத்திருப்பது, பெருநாடி பலூன் பம்ப். போதாவிட்டால் இடது பக்கத்தை வடிக்க வழி செய்ய வேண்டும். நெஞ்சு திறந்திருக்கும் நோயாளிக்குச் சத்திரசிகிச்சை மூலமே வடிகுழாய் வைக்கலாம். இது நடக்கும்போது ஹெபரின் இலக்கையும் குழுவாக மீளப் பாருங்கள்.

எக்கோவில் கட்டி ஏற்கெனவே தெரிந்தால் கதை மாறுகிறது. இதயத்தைத் தூண்டி வால்வைத் திறக்க வைத்தால் அந்தக் கட்டியையே வெளியே தள்ளுவீர்கள். மருந்தை மாற்றும் முன் சத்திரசிகிச்சை நிபுணர், இதய நிபுணர் இருவரும் கட்டிலருகே வர வேண்டும்.

அறிகுறி: கால் குளிர்கிறது, கண்மணி மாறுகிறது

தொடை நாடியில் 15 முதல் 19 பிரெஞ்ச் (குழாயின் தடிப்பைக் குறிக்கும் அளவு) கனூலா இருந்தால் அது நாடியை ஏறக்குறைய அடைத்திருக்கும். காலுக்குக் குருதி கொடுப்பது 6 முதல் 8 பிரெஞ்ச் அளவுள்ள சிறு குழாய். பாய்ச்சல் குறைவு, ஆகவே முதலில் உறைவதும் அதுதான். மணிக்கு ஒரு முறை இரண்டு கால்களையும் தொட்டு, டொப்ளரால் கேட்டு எழுதுங்கள். நம்மவரின் மாநிறத் தோலில் வெளிறல் எளிதில் தெரியாது. உள்ளங்காலையும் நகக் கண்ணையும் பாருங்கள். தசையின் ஒட்சிசன் அளவைத் தோல்மேல் காட்டும் கருவி இருந்தால், இரண்டு கால்களுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசமோ 50 சதவீதத்துக்குக் கீழான அளவோ எச்சரிக்கை. சிறு குழாய் அடைத்திருந்தால் சிரிஞ்சால் முன்னே தள்ளாதீர்கள். கட்டி பாதத்துக்குப் போகும். மடிப்பு இருக்கிறதா பார்த்து, குருதி நாள நிபுணரைக் கூப்பிடுங்கள். கெண்டைக்கால் இறுகினால் நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

கண்மணிகளை மணிக்கு ஒரு முறை பாருங்கள். அளவு வேறுபட்டால் ஹெபரினை நிறுத்தி வைத்துவிட்டு உடனே சி.டி. கட்டியா கசிவா என்று படம் பார்க்காமல் சொல்ல முடியாது, சிகிச்சையோ நேரெதிர். கட்டி என்றாலும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஆகாது. குழாய் வழியே கட்டியை எடுக்கும் வாய்ப்பு உண்டா என்றே கேட்க வேண்டும். போகும்போது நிறைந்த சிலிண்டர், மின்கலம், பம்பைக் கையால் சுற்றும் கைச்சுழற்றி, நான்கு கிளாம்ப்கள் கூடவே போக வேண்டும்.

அறிகுறி: ஹெபரின் போகிறது, ஏ.சி.டி. ஏறவில்லை

ஏ.சி.டி. என்பது கட்டிலருகே குருதி உறையும் நேரத்தை அளக்கும் சோதனை. அது ஏறாவிட்டால் சிரிஞ்ச் பம்பைத்தான் முதலில் சந்தேகியுங்கள். 25,000 அலகை 50 மி.லி. சேலைனில் கலந்தால் மி.லி.க்கு 500 அலகு. 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு மணிக்கு 10 அலகு என்றால் 600 அலகு. அதாவது மணிக்கு 1.2 மி.லி.தான். இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் மூவழித் திருகு மூடியிருந்தாலும் அடைப்பு அலாரம் அடிக்க நெடுநேரம் எடுக்கும். திருகைத் திறந்தவுடன் தேங்கியது முழுவதும் ஒரே போலஸாக உள்ளே போகும். ஆகவே மூடிய திருகைக் கண்டால் சிரிஞ்சைக் கழற்றி அழுத்தத்தை வெளியே விட்டபின் திறவுங்கள்.

ஏ.சி.டி.யை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த உடல், நீர்த்த குருதி, குறைந்த சிறுதட்டு எல்லாமே அதை நீட்டும். இலக்கு பிரிவுக்குப் பிரிவு வேறு, ஏ.சி.டி. 160 முதல் 180 அல்லது 180 முதல் 220 விநாடி, ஏ.பி.டி.டி. சாதாரண அளவின் 1.5 முதல் 2.5 மடங்கு, அன்டி-டென்-ஏ மி.லி.க்கு 0.3 முதல் 0.7 அலகு. சத்திரசிகிச்சைக்குப் பின்னான முதல் நாட்களில் தாழ்ந்த எல்லையே பாதுகாப்பு. மாதிரியை ஹெபரின் கழுவும் கோட்டிலிருந்து எடுத்தால் முடிவு பொய்.

உண்மையாகவே நாளொன்றுக்கு 35,000 அலகுக்கு மேல் தேவைப்பட்டால் அன்டித்ரொம்பினைச் சோதியுங்கள். குறைந்திருந்தால் ஹெபரினுக்குப் பற்றிப்பிடிக்க ஒன்றுமில்லை. அதன் தயாரிப்பு கையில் இல்லாவிட்டால் உறைய வைத்த பிளாஸ்மா கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. உதவலாம். கொடுத்தவுடன் பழைய ஹெபரின் அளவே சடுதியாக வேலை செய்யத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் மீளச் சோதியுங்கள்.

அறிகுறி: சிறுதட்டு விழுகிறது

பைபாஸுக்குப் பின் முதல் 3, 4 நாட்கள் விழுவது வழமை. விழுந்து, எழுந்து, 5 முதல் 10 நாட்களுக்குள் மறுபடி பாதிக்கு மேல் விழுந்தால் ஹெபரினே காரணமாகச் சிறுதட்டு குறையும் ஹிட் என்ற நோய் என்று நினையுங்கள். சிறுதட்டு குறைந்தாலும் இந்த நோயில் குருதி ஒழுகாது, உறையும். காரணமில்லாமல் ஒக்சிஜனேற்றர் இரண்டாவது தடவை அடைத்தால் அதுவும் இதற்கு அடையாளம்.

கொழும்பில் சிறுதட்டு விழுந்தால் மனம் டெங்குவுக்குப் போவது இயல்பு. மழைக்காலத்தில் அதையும் சோதியுங்கள். எக்மோவின் சூடாக்கி உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதால் காய்ச்சல் வெளியே தெரியாது. காய்ச்சல் இல்லை என்று எதையும் விலக்காதீர்கள். ஆனால் டெங்கு என்று எண்ணி ஹெபரினைத் தொடர்வது ஆபத்து.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மாரடைப்போடு வந்து பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அங்கேயே ஹெபரினோ, ஹெபரின் வகையான இனொக்சபரினோ பெற்றிருக்கலாம். கடந்த 100 நாட்களுக்குள் பெற்றிருந்தால் 10 நாள் காத்திராமல் முதல் நாளிலேயே ஹிட் வெளிப்படலாம். டயக்னோசிஸ் கார்டைப் பாருங்கள், அதில் இல்லாவிட்டால் வீட்டாரிடம், "வயிற்றில் ஊசி போட்டவையோ?" என்று கேளுங்கள்.

4டி மதிப்பெண் (ஹிட்டுக்கான வாய்ப்பைக் கணிக்கும் புள்ளி முறை) 4 அல்லது மேல் என்றால் எல்லா ஹெபரினும் நிறுத்தம்: ஏற்றும் சிரிஞ்ச், நாடிக் கோட்டைக் கழுவும் பை, டயலிசிஸ் குழாயைப் பூட்டும் மருந்து, பூச்சுள்ள கதீட்டர். அழுத்தப் பையிலுள்ள ஹெபரினைத்தான் மறப்பார்கள். ஹிட்டை உறுதிப்படுத்தும் பி.எஃப்.4 சோதனைக்கு அனுப்பி, ஹெபரின் அல்லாத உறைதடுப்பு மருந்தான பைவலிருடின் அல்லது ஆர்கட்ரொபனுக்கு மாற வேண்டும். இவை எந்த மருந்தகத்தில் எத்தனை குப்பி இருக்கின்றன என்பதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பைவலிருடினைக் குருதியை உறைய வைக்கும் திரொம்பினே வெட்டிவிடும். ஆகவே குருதி தேங்கும் இடத்தில், வால்வு திறக்காத வென்றிக்கிள் உட்பட, அது காக்காது. ஈரல் கெட்டவருக்கு ஆர்கட்ரொபனின் அளவு மிகக் குறைய வேண்டும். ஒழுகாத நோயாளிக்கு எண்ணைத் திருத்துவதற்காகச் சிறுதட்டு ஏற்றாதீர்கள்.

அறிகுறி: வடிகுழாயில் நிற்காத குருதி

மணிக்கு 200 மி.லி.க்கு மேல் தொடர்ந்தால் முதலில் சத்திரசிகிச்சைக் காரணம் தேடப்பட வேண்டும். அதே நேரம் ஹெபரின் நிறுத்தம், பாய்ச்சல் 3 லீற்றருக்கு மேல், உடல் வெப்பம் 36 முதல் 37, அயன் கல்சியம் லீற்றருக்கு 1.1 மில்லிமோலுக்கு மேல், பைபிரினோஜன் லீற்றருக்கு 1.5 கிராமுக்கு மேல். கிரையோ வயதுவந்தவருக்கு வழக்கமாக 10 அலகு. உங்கள் குருதி வங்கியில் இல்லாவிட்டால் நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்திலிருந்துதான் வர வேண்டும். உருக்குவதற்கும் கொண்டுவருவதற்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே அழையுங்கள். குருதியை உறைய வைக்கும் மருந்துகளான காரணி ஏழு, புரொத்திரொம்பின் செறிவு ஆகிய இரண்டும் சுற்றை ஒரேயடியாக உறைய வைக்கக்கூடியவை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நிரப்பிய மாற்றுச் சுற்று கட்டிலருகே தயாராக இருக்க வேண்டும்.

சுற்றை மாற்றும் முறை

வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்: பம்ப் ஒருவர், வெட்டி இணைப்பவர் இருவர், மருந்தும் சுவாசக் கருவியும் ஒருவர், நேரத்தை உரத்துச் சொல்பவர் ஒருவர். புதிய சுற்றில் காற்று இல்லை என்று இருவர் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். சுவாசக் கருவியில் ஒட்சிசன் 100 சதவீதம். அட்ரினலினும் குருதியும் கையில்.

சுழற்சியைக் குறைத்து, முதலில் திரும்பும் குழாய்க்குக் கிளாம்ப். அடுத்து உறிஞ்சும் குழாய்க்கு. பின்பு பம்ப் நிறுத்தம். கிளாம்ப் போடாமல் பம்பை நிறுத்தினால் பெருநாடிக் குருதி பின்னால் பாயும். ஒவ்வொரு வெட்டுக்கும் இரு பக்கமும் இரட்டைக் கிளாம்ப். இணைக்கும்போது இரண்டு முனைகளிலும் சேலைன் வழிந்துகொண்டிருக்க வேண்டும். குமிழி இல்லையென்று பார்த்து, உறிஞ்சும் கிளாம்பை எடுத்து, சுழற்சியை 1500க்கு மேல் ஏற்றிய பின்பே திரும்பும் குழாயைத் திறவுங்கள். வாயுவைத் தொடக்க மறவாதீர்கள். பழகிய குழுவுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

புதிய பரப்பு ஹெபரினையும் பைபிரினோஜனையும் உறிஞ்சிக்கொள்ளும், நிரப்பிய திரவம் குருதியை நீர்க்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏ.சி.டி., கல்சியம், ஈமோகுளோபின் மூன்றையும் பார்த்து, புதிய பி1, பி2, பி3 வரியை எழுதுங்கள்.

கழற்றும் கட்டம்

இதயம் தேறி, பாய்ச்சலை அரை அரை லீற்றராகக் குறைக்கும்போதுதான் பலர் கவனம் தளர்கிறது. 1 முதல் 1.5 லீற்றரில் சுற்று மிக விரைவாக உறையும். தொடங்கும் முன் ஹெபரின் இலக்கில் இருக்கிறதா என்று சோதியுங்கள், இல்லாவிட்டால் பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். எக்கோ பார்க்கும் நிபுணர் வந்து நின்ற பிறகே பாய்ச்சலைக் குறையுங்கள். பார்த்து முடிந்ததும் காத்திராமல் பழைய அளவுக்கு ஏற்றுங்கள்.

கனூலா கழற்றிய பின் அது இருந்த நாளத்தில் உறைகட்டி தங்குவது அடிக்கடி காணப்படுவது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடை, கழுத்து நாளங்களை டொப்ளர் ஸ்கேனால் பாருங்கள். கட்டி இருந்தால் குருதி உறையாமைச் சிகிச்சை வழக்கமாக மூன்று மாதங்கள். வார்டுக்கு மாற்றும்போது எந்தக் கால், எந்த நாளம், எப்போது கழற்றியது என்று எழுதி, அந்தக் கால் வீங்கினால் உடனே சொல்லும்படி நோயாளிக்கும் வீட்டாருக்கும் அவர்கள் மொழியில் விளக்குங்கள்.